ஈ.சி.ஆர் ரைடர்களே... பைக்குக்கு லித்தியம் பேட்டரி தேவைதானா?

ஞாயிறு காலை மாமல்லபுரத்தில் டீ குடித்துவிட்டு செல்ஃப் பட்டனை அழுத்தினால், 'டக் டக்' சத்தம் மட்டும் வருகிறது. முன்பென்றால் கிக்கரை உதைத்துக் கிளம்பிவிடலாம். இப்போது ஒரகடத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-லேயே கிக்கர் கிடையாது. பேட்டரி படுத்தால் பயணமும் படுத்துவிடும். அதனால்தான் 'லித்தியத்துக்கு மாறிடலாமா?' என்ற கேள்வி எழுகிறது.

என்ன வித்தியாசம்?

லெட்-ஆசிட் பேட்டரி 1859-ல் பிரான்ஸின் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்தது. 2 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்து 12 வோல்ட். பைக்குகளுக்கான லித்தியம் பேட்டரியில் பெரும்பாலும் 'லித்தியம் அயர்ன் பாஸ்பேட்' வகைதான் இருக்கும். 3.2 வோல்ட் செல்கள் நான்கு. செல்போன் பேட்டரியைவிட இது சூட்டைத் தாங்கும்.

லித்தியத்தின் பிளஸ்

எடை மூன்றில் ஒரு பங்குதான். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினாலும் சார்ஜ் அதிகம் இறங்காது. லெட்-ஆசிட்டை சார்ஜ் இறங்கிய நிலையில் விட்டால், தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் குறையும்.

மைனஸ்

விலை சில மடங்கு அதிகம். பைக்கின் ரெகுலேட்டர் பழுதாகி 15 வோல்ட்டுக்கு மேல் அனுப்பினால் லித்தியம் கெட்டுவிடும், உப்பவும் செய்யலாம். சல்பேட்டை நீக்கும் வசதியுள்ள லெட்-ஆசிட் சார்ஜரை அந்த மோடில் இதற்குப் போடவே கூடாது. சில பிராண்டுகள் லேபிளில் போடும் ஆம்பியர்-ஹவர், 'இத்தனை ஆம்பியர் லெட்-ஆசிட்டுக்குச் சமம்' என்ற கணக்கு. உண்மைக் கொள்ளளவு அதைவிடக் குறைவு. எனவே ஹெட்லைட்டை எரியவிட்டு மறந்தால் சீக்கிரம் காலியாகும்.

மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கடலோரத்தில் பல நேரம் குற்றவாளி பேட்டரி அல்ல, உப்புக்காற்று. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கரன்ட் சரியாகப் பாயாது. நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, சுத்தம் செய்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

அடுத்து மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லெட்-ஆசிட் என்றால், இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஓகே. 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் தேவை. இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அது சரியில்லை என்றால், எந்தப் புது பேட்டரி போட்டாலும் காசுக்குக் கேடுதான்.

யாருக்கு எது?

செங்கல்பட்டு ஸ்டேஷனில் பைக்கை விட்டுவிட்டு தினமும் ரயில் பிடிப்பவருக்கு, மெயின்டனன்ஸ்-ஃப்ரீ லெட்-ஆசிட்டே போதும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுபவருக்கு எடைக் குறைப்பு பலன் தரும். மாதம் ஒருமுறை மட்டும் ஈ.சி.ஆர் போகிறவர் லித்தியத்தை யோசிக்கலாம். ஆனால், வீட்டில் ஒரு டிரிக்கிள் சார்ஜர் இருந்தால் லெட்-ஆசிட்டே அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும். வாரன்ட்டியில் உள்ள பைக் என்றால் ஷோரூமில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, இரண்டு வகையையும் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. கடையில் கொடுத்தால் புதியதன் விலையிலும் கொஞ்சம் குறையும்!