முடி இருந்தா போதுமா?

கன்ஸ் அன்ட் ரோசஸோட 'அப்படைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' (1987) மாதிரி வேற என்ன கேக்கலாம்னா, உடனே டெஃப் லெப்பர்டோட 'ஹிஸ்டீரியா'வை நீட்டுறாங்க. அதே வருஷம், அதே நீள முடி. அவ்ளோதான்யா ஒத்துமை! மட் லேங் வருஷக்கணக்கா இழைச்சு இழைச்சுப் பண்ணினது அது. பளபளன்னு இருக்கும், நல்லாவும் இருக்கும். ஆனா எனக்கு வேண்டியது அந்த அழுக்கும் திமிரும். இஸியோட கிட்டார் சோம்பலா இழுக்க, ஸ்லாஷோடது அதுமேல பாயுமே, அது!

அது எங்கிருந்து வந்துச்சுன்னு பின்னாடி போய்த் தேடுங்க சாமிகளா. ஏரோஸ்மித்தோட 'ராக்ஸ்' (1976), ஸ்லாஷே தன் வாழ்க்கையை மாத்தினதா சொன்ன ஆல்பம். (அவங்களோட எண்பதுகள் வேற கதை, குழப்பிக்காதீங்க.) ஏசி/டிசின்னா எல்லாரும் 'பேக் இன் பிளாக்'லயே நின்னுடுறாங்க. பான் ஸ்காட் பாடின 'பவரேஜ்' (1978) கேட்டிருக்கீங்களா? கையில காசில்லாதவனோட நக்கல் எப்படி இருக்கும்னு அதுல தெரியும்.

அப்புறம் ஆஸ்திரேலியாவோட ரோஸ் டாட்டூ, முதல் ஆல்பம், அதுவும் 1978. அதுல இருந்து ஒரு பாட்டை கன்ஸ் அன்ட் ரோசஸ் 1986லயே எடுத்துப் பாடிட்டாங்க. இதைவிட என்னய்யா சிபாரிசு வேணும்?

ஹிஸ்டீரியா ரசிகர்கள் ஆட்டோ அனுப்பிடாதீங்க. அந்த கேசட் என்கிட்டயும் இருக்கு.