கோலார் ஆழத்தில் தவறிய கூற்று

மாரிகுப்பத்தில் இரயில் பாதை முடியும் கோலார் தங்கவயல், தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்புக்காக நினைவுகூரப்படும் அளவுக்கு, அறிவியலையும் போலி அறிவியலையும் பிரித்துக் காட்டும் ஓர் ஆய்வுக்காக நினைவுகூரப்படுவதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் காஸ்மிக் கதிர்கள் மோதுவதால் பிறந்து பாறையையும் ஊடுருவும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் 1965இல் பதிவாயின. அது ஐயமற்ற வெற்றி. பின்னர் 1980களின் தொடக்கத்தில், இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் 140 டன் கருவியொன்றை அங்கு நிறுவி, அணுக்கருவின் உறுப்பாகிய புரோட்டான் தானே சிதைகிறதா என்று தேடி, அத்தகைய சிதைவாக இருக்கக்கூடிய சில நிகழ்வுகளைக் கண்டதாக அறிவித்தனர். அமெரிக்காவிலும் ஜப்பானின் காமியோகாவிலும் நிலத்தடியில் அமைந்த பெரிய கருவிகளில் அச்சிதைவு தென்படாமையால் அக்கூற்று நிலைபெறவில்லை. இன்றுவரை எவரும் புரோட்டான் சிதைவதைக் கண்டதில்லை. ஆயினும் அத்தேடல் மிக உயர்ந்த அறிவியலே. ஏனெனில் கருவியின் எடை, ஆழம், துகள்தடம் அனைத்தையும் வெளியிட்டு, தம் கூற்றைப் பிறர் பொய்ப்பிக்க அவ்வாய்வாளர்களே வழி திறந்து வைத்தனர். போலி அறிவியலிலோ, உள்ளங்கையில் வைத்த தேங்காய் நிமிர்வதைக் கொண்டு நிலத்தடி நீரோட்டம் குறிப்போரிடம் இவ்வழி அடைபட்டிருக்கிறது: நீர் கிடைத்தால் ஆற்றல், கிடைக்காவிடில் இன்னும் ஆழம் போதவில்லை என்ற விளக்கம். மழை குறைந்த கோலார் மாவட்டத்தில் அவ்விளக்கத்தை நம்பி மேலும் துளையிடும் உழவரே அதற்கான கடனைச் சுமக்கிறார்.