‘பிள்ளைகளின் படம்’ என்று ஒதுக்குவோருக்கு

சித்திரப்படத்தைத் திறனாய்வுக்குரிய கலையாகக் கொள்ள நம்மிடையே பலர் இன்னும் தயங்குகின்றனர். நாவலுக்கும் நாடகத்துக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுவோர், திரையிலே பொம்மைகள் அசையத் தொடங்கியதும் ‘இது பிள்ளைகளின் படம்’ எனக் கூறி எழுந்துவிடுகின்றனர். இக்கூற்றில் இரண்டு இகழ்ச்சிகள் அடங்கியுள்ளன. ஒன்று கலைவடிவம் பற்றியது. மற்றையது பிள்ளைகள் பற்றியது. பின்னையதே பாரதூரமானது.

சுவிற்சர்லாந்து நெறியாளர் குளோட் பராஸ் 2016இல் அளித்த ‘மா வி து கூர்ஜெட்’ என்னும் படத்தை இங்கு எடுத்துக்கொள்வோம். ஜில் பாரியின் நாவலைத் தழுவித் திரைக்கதை எழுதியவர் செலீன் சியம்மா. ஒன்றேகால் மணி நேரத்துக்கும் குறைந்த படம். பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே ஒளிப்படமாக்கி இணைத்த பொறுமை மிக்க உழைப்பு அது.

ஒன்பது வயதுச் சிறுவன், குடிப்பழக்கமுள்ள தாய். தாயின் வெறும் பியர்த் தகரங்களை அடுக்கி அவன் விளையாடுகின்றான். அடுக்குச் சரிகின்றது. சினத்தோடு ஏணியில் ஏறிவரும் தாய்க்கு அஞ்சி, மேன்மாடக் கதவை அவன் சாத்துகின்றான். அவள் விழுந்து இறக்கின்றாள். சிறுவர் இல்லத்துக்குச் செல்லும்போது அவன் கொண்டுசெல்பவை தந்தையின் உருவத்தைத் தான் வரைந்த பட்டமும் ஒரு பியர்த் தகரமுமே. தன்னை அடிக்க வந்தவளின் நினைவுச் சின்னமாக அத்தகரத்தைப் பேணும் பிள்ளையின் மனத்தை ‘எளிய கதை’ எனத் தள்ளுவோர், எந்த உளவியலைக் கற்றனரோ யாமறியோம்.

‘பிள்ளைகளுக்கு மரணத்தைக் காட்டலாமா?’ என்பர் வேறு சிலர். இவ்வினா காலங்கடந்தது. 1942இலேயே டிஸ்னியின் ‘பம்பி’யில் தாய் மான் வேட்டைக்காரனாற் கொல்லப்பட்டது. ஆயின், அங்கே மரணம் நிகழ்ந்த சிறிது நேரத்திலேயே வசந்தம் வந்துவிடும், பறவைகள் பாடும். பார்வையாளரின் கண்ணீரைத் துடைப்பதற்கான அவசரம் அது. பராஸிடம் அந்த அவசரம் இல்லை. பனிமலைக்குச் சுற்றுலா சென்ற இல்லத்துச் சிறுவர், ஒரு தாயையும் அவள் பிள்ளையையும் மௌனமாய் நின்று பார்க்கின்றனர். விளக்கவுரை எதுவும் இல்லை. அச்சில நொடிகளுக்கு ஈடாகக் கூறத்தக்க நாவற் பக்கங்கள் அதிகமில்லை.

சமூகவியல் நோக்கினர் எழுப்பும் தடையே கனதியானது. நல்லுள்ளம் கொண்ட பொலிஸ்காரர் றேமண்ட் ஈற்றில் கூர்ஜெட்டையும் அவன் தோழி கமீலையும் தம்மிடம் அழைத்துச் செல்கின்றார்; ஆகவே தனிமனித தயாளம் சமூகக் குறைகளை மூடிவிட்டது என்பது அவர்களின் வாதம். றேமண்டின் நற்குணம் சற்று மிகையானதே, அதை ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் மூடப்பட்டது எது? பெயத்ரீஸ் என்னும் சிறுமியின் தாயை நாடுகடத்தியது அரசு. வாசலில் வாகனச் சத்தம் கேட்கும் போதெல்லாம் அச்சிறுமி ‘அம்மா’ என்று ஓடுகின்றாள். கமீலை அவளுடைய மாமி கேட்பது பாசத்தால் அன்று, பராமரிப்புப் பணத்துக்காக. இவற்றைப் படம் ஒளிக்கவில்லை. பிரசங்கம் செய்யவில்லை, அவ்வளவே. பிரசங்கம் இல்லாத இடத்திற் சமூகப் பார்வையும் இல்லையென முடிவு செய்வது நம் விமர்சகர் சிலரின் பழைய நோய்.

மேலும், இவர்கள் சீமோனை மறந்துவிடுகின்றனர். தொடக்கத்திற் கூர்ஜெட்டைத் துன்புறுத்தும் முரடன் அவன். ஒவ்வொரு பிள்ளையும் அங்கு வந்த காரணத்தைச் சொல்லிக்கொடுப்பவனும் அவனே. ஆறுதல் இப்படத்தில் வைத்தியரிடமிருந்து வருவதில்லை. தன்னைப்போலவே தனித்துவிடப்பட்ட இன்னொரு பிள்ளையிடமிருந்து வருகின்றது. நண்பனைப் பிரிய மனமின்றிக் கூர்ஜெட் போக மறுக்கும்போது, ‘நம் வயதுப் பிள்ளைகளை யாரும் ஏற்பது அரிது, நீ போகத்தான் வேண்டும்’ என்ற பொருள்பட வற்புறுத்துபவனும் சீமோனே. அவனை ஏற்க எவரும் வரவில்லை. அவன் இல்லத்திலேயே நிற்கின்றான்.

இதனை ‘இன்பியல் முடிவு’ என்று எழுதியோர், வண்டி புறப்பட்ட பின் வாசலில் எஞ்சியவர்களை எண்ணிப் பார்த்தார்களா?