ஊராட்சி வாசலோடு நின்ற வடம்

2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து உரையாற்றிய பிரதமர் மோடி, நாட்டின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு ஆயிரம் நாட்களுக்குள் கண்ணாடி இழை வடம் சென்று சேரும் என்று அறிவித்தார். அந்த ஆயிரம் நாட்கள் 2023 மே மாதத்தில் முடிந்துபோயின. கெடு கடந்த மூன்றாம் மாதமே, ஒன்றிய அமைச்சரவை அதே பணிக்காக ரூ.1.39 லட்சம் கோடி மதிப்பிலான திருத்தப்பட்ட திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வாக்குறுதி நிறைவேறவில்லை என்பதற்கு அரசே எழுதிக் கொடுத்த சான்று அது.

இத்திட்டத்தின் வயது இன்னும் அதிகம். 2011 அக்டோபரில், மன்மோகன் சிங் தலைமையிலான அரசு, தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பு என்ற பெயரில் இதற்கு ஒப்புதல் அளித்தது. சுமார் ரூ.20,000 கோடி செலவில், இரண்டே ஆண்டுகளில், 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளை இணைப்பது இலக்கு. 2014-இல் ஆட்சி மாறியது. 2015-இல் திட்டத்தின் பெயர் பாரத்நெட் என்று மாறியது. கெடுவும் மாறிக்கொண்டே வந்தது. ஒரு லட்சம் ஊராட்சிகள் என்ற முதற்கட்டம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது 2017 டிசம்பரில்தான். 2019 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டிய இரண்டாம் கட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது.

இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் 'சேவைக்குத் தயார்' நிலையில் உள்ளதாக அரசு கணக்குக் காட்டுகிறது. இந்தச் சொற்றொடரைக் கவனமாகப் படிக்க வேண்டும். வடம் ஊராட்சி அலுவலகம் வரை சென்றது, கருவி பொருத்தப்பட்டது, சோதனையில் அது இயங்கியது என்பதே அதன் பொருள். அக்கருவி இன்றும் இயங்குகிறதா, அருகிலுள்ள பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இணைப்பு உண்டா, கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு அது எட்டியதா என்ற வினாக்களுக்கு அந்தக் கணக்கில் விடை இல்லை. குழாய் பதித்த கணக்கைக் காட்டித் தண்ணீர் வந்துவிட்டதாகச் சொல்வதற்கு ஒப்பானது இது.

பதிக்கப்பட்ட வடம் ஏன் பயனற்றுக் கிடக்கிறது? ஒன்றியத் தலைநகரிலிருந்து ஊராட்சிகளுக்கு அது கிளை பிரிந்து செல்லும் முறையில் அமைக்கப்பட்டது. சாலையை அகலப்படுத்தும்போதோ, குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போதோ ஓரிடத்தில் அறுந்தால், அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் அனைத்தும் துண்டிக்கப்படும். மாற்றுப் பாதை கிடையாது. அறுந்ததைத் தேடிக் கண்டுபிடித்து இணைப்பதற்கு ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் எங்கே? 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்ட பிஎஸ்என்எல் ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டனர். நாட்டின் மூலை முடுக்குகளில் வடத்தின் வழித்தடத்தை மனப்பாடமாக அறிந்திருந்த அனுபவசாலிகள் அவர்கள். ஒரு கையால் பல்லாயிரம் கோடிக்கு வடம் பதித்த அரசு, மறு கையால் அதனைப் பராமரிக்க வேண்டியோரை வீட்டுக்கு அனுப்பியது.

இதன் சுமை உழைப்பாளி மக்கள் மீதே விழுகிறது. 2023 ஜனவரி முதல் ஊரக வேலை உறுதித் திட்டப் பணித்தளங்களில் நாளுக்கு இருமுறை தொழிலாளரைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. அலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத மலைச்சரிவிலும் காட்டோரத்திலும், படம் பதிவேறாவிட்டால் நாள் முழுதும் மண் சுமந்தவரின் கூலியே கேள்விக்குள்ளாகிறது. ரேஷன் கடையிலும் விரல் ரேகைக் கருவி இணைப்புக்காகக் காத்து நிற்கிறது. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, நகர்ப்புறக் குடும்பங்களில் 42 விழுக்காட்டினருக்கும், கிராமப்புறக் குடும்பங்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கும் மட்டுமே இணைய வசதி இருந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, அந்த இடைவெளி ஒரு தலைமுறையின் கல்வியைப் பிளந்தது. இணையத்தை மக்களுக்குத் தராமலே, இணையத்தின் வழியாக மட்டுமே உரிமைகளைத் தருவேன் என்பது விலக்கி வைப்பதன் மற்றொரு பெயர்.

கையில் அலைபேசி இருக்கும்போது வடம் எதற்கு என்று கேட்போர் உண்டு. வேகமான அலைபேசிச் சேவைக்கு அந்தக் கோபுரத்துக்கே கண்ணாடி இழை வடம் தேவை. மேலும், மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் ஒரே அலைபேசியின் அன்றாட டேட்டா அளவு எத்தனை மணி நேரத்துக்குப் போதும்? 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தியபோது, கிராமத்து வாடிக்கையாளருக்கு வேறு போக்கிடம் குறைவாகவே இருந்தது. பிஎஸ்என்எல் நிறுவனத்துக்கு உரிய காலத்தில் 4ஜி சேவை மறுக்கப்பட்டதன் விளைவு அது.

லாபம் இல்லாத இடத்துக்குத் தனியார் மூலதனம் வராது என்பதையும் இத்திட்டமே மெய்ப்பித்தது. 2021 ஜூனில், 16 மாநிலங்களில் பாரத்நெட்டைத் தனியார் பங்கேற்புடன் நிறைவேற்ற ரூ.19,041 கோடி மானியம் தருவதாக அரசு முன்வந்தது. அப்போதும் ஒப்பந்தம் கோர நிறுவனங்கள் முன்வராததால் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2023-இன் திருத்தப்பட்ட திட்டம், வளைய வடிவில் வடம் அமைத்தல், பத்தாண்டுப் பராமரிப்பு, 1.5 கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகள் எனப் பேசுகிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பணிகள் மீண்டும் ஒப்பந்த நிறுவனங்களுக்கே செல்கின்றன. வீட்டு இணைப்போ வருவாயில் பங்கு பெறும் உள்ளூர் 'தொழில்முனைவோர்' தலையில் வைக்கப்படுகிறது. பணம் கட்ட முடியாத தெருவுக்கு அவர் ஏன் வடம் இழுப்பார்?

மாற்று வழி உண்டு. 2019-இல் இணையத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் சேவையைத் தொடங்கியது. மின்வாரியத்தின் கம்பங்களும் மின்தடங்களுமே வடத்துக்கு வழியாயின. உடைமை பொதுத்துறையிடம் உள்ளது. இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. சட்டமன்றத் தொகுதிக்கு நூறு வீடுகள் என்ற அளவில் முதற்கட்டம் தொடங்கப்பட்டது. கடக்க வேண்டிய தூரம் அதிகம்தான். எனினும், கணக்கின் அலகாக ஊராட்சி அலுவலகத்தை வைக்காமல் ஏழையின் வீட்டை வைத்தது அத்திட்டம்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. பாரத்நெட் வடம் முழுவதும் பொதுத்துறை உடைமையாகவே நீடிக்க வேண்டும். ஒவ்வோர் ஒன்றியத்திலும் பராமரிப்புக்கு நிரந்தர ஊழியரைப் பிஎஸ்என்எல் நியமிக்க வேண்டும். ஊரகச் சேவைக்கென்று தொலைத்தொடர்பு வருவாயிலிருந்து வசூலிக்கப்படும் நிதியை அதற்கே முழுமையாகச் செலவிட வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமில்லா இணைப்பு வேண்டும். இணைப்பு இல்லை என்பதற்காக எவருடைய கூலியும் ரேஷனும் மறுக்கப்படலாகாது.

இக்கோரிக்கைகள் அறிக்கையோடு நின்றுவிடக் கூடாது. கட்சிக் கிளைகளும், விவசாயிகள், விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் தத்தம் ஊராட்சி அலுவலகத்துக்குச் சென்று அந்தக் கருவி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இயங்காவிட்டால், எந்த நாளிலிருந்து, யார் பொறுப்பில் என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். கிராம சபையில் தீர்மானமாக வைக்க வேண்டும். 'சேவைக்குத் தயார்' என்று எழுதப்பட்ட ஒவ்வோர் ஊரிலிருந்தும் உண்மை நிலை திரட்டப்பட்டால், ஒன்றிய அரசின் கணக்குக்கு எதிராக மக்கள் கணக்கு ஒன்று எழும். அதைக் கையில் ஏந்திய போராட்டத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.