டாலர்ங்கிற ரப்பர் ஸ்கேல்!

உங்க ஹாஸ்டல்ல ஒரு சீனியருக்கு அமெரிக்காவுல வேலை கிடைச்சுடுச்சுன்னு வைங்க. அடுத்த நிமிஷம் என்ன நடக்கும்? பத்துப் பேர் செல்போன்ல கால்குலேட்டரைத் திறப்பாங்க. சம்பளம் இன்டூ இன்னிக்கு டாலர் ரேட். ‘அடேங்கப்பா... அண்ணன் செட்டில்டா மச்சி!’ அந்தச் சத்தத்துல, ‘அங்கே முடி வெட்ட எவ்ளோடா ஆகும்?’னு ஒருத்தன் கேக்குறது யார் காதுலயும் விழாது.

ஆனா, அந்த முடி வெட்டுற கேள்வியிலதான் பாஸ் மேட்டரே இருக்கு!

1 இன்ச்னா 2.54 சென்டிமீட்டர். நேத்தும் அதான், நாளைக்கும் அதான். டாலரை ரூபாயா மாத்துறதையும் அதே மாதிரி யூனிட் கன்வர்ஷன்னு நெனச்சுக்கிறோம். இன்ஜினீயரிங் புத்தி! நிஜத்துல அது இழுத்தா நீளுற, விட்டா சுருங்குற ரப்பர் ஸ்கேல். அதை வெச்சு ஒரு நாட்டோட பொருளாதாரத்தை அளந்தா என்ன கூத்தாகும்னு பாருங்க.

1990-ல் ஒரு டாலருக்கு சராசரியா பதினேழரை ரூபாய். 1991 ஜூலையில அந்நியச் செலாவணி நெருக்கடியில அரசாங்கம் ரூபாய் மதிப்பை ரெண்டு தவணையா குறைச்சுது. அந்த வருஷ சராசரி 22 ரூபாய் 70 காசைத் தாண்டிடுச்சு. விளைவு? உலக வங்கியோட டாலர் கணக்குப்படி இந்தியப் பொருளாதாரம் 32,100 கோடி டாலர்ல இருந்து 27,000 கோடி டாலருக்கு இறங்கிடுச்சு. அதாவது, ஆறுல ஒரு பங்கு காலி! ஆனா, அதே வருஷம் நாட்டோட உண்மையான உற்பத்தி ஒரு சதவிகிதம் போல கூடித்தான் இருந்துச்சு. கஷ்டமான வருஷம்தான், மறுக்கலை. அதுக்காக ஆறு மூட்டை நெல்லுல ஒரு மூட்டை காணாமப் போயிடலையே! மாறினது ஸ்கேல்.

நம்ம ரூபாய்க்கு மட்டும்தான் இந்தக் கதைன்னு நெனைக்காதீங்க. 2023-ல் ஜப்பான் மூணாவது இடத்தை ஜெர்மனிகிட்ட விட்டுச்சு. 4.2 லட்சம் கோடி டாலர், 4.5 லட்சம் கோடி டாலர்னு ஸ்கோர். ஆனா, அந்த வருஷம் வளர்ந்தது ஜப்பான், சுருங்கினது ஜெர்மனி! 2021-ல் ஒரு டாலருக்கு 110 யென்னா இருந்தது 2023-ல் 140 ஆனதுதான் முக்கியக் காரணம். ஓட்டப் பந்தயத்துல முன்னாடி ஓடினவனுக்குக் கீழே இருந்த தரை பின்னாடி நகர்ந்த மாதிரி.

சரி, இப்போ முடி வெட்டுற மேட்டருக்கு வருவோம். டாலர் ரேட்டை முடிவு பண்றது எல்லை தாண்டிப் போற சமாச்சாரங்கள். எண்ணெய், துணி, சாஃப்ட்வேர், முதலீட்டுப் பணம் இதெல்லாம். கட்டிங் பண்ற அண்ணனோட கத்திரிக்கோல் எல்லை தாண்டாது. அங்கேயும் ஒரு தலைக்கு அரை மணி நேரம்தான், இங்கேயும் அதேதான். ஆனா, அங்கே தொழிற்சாலைகள்ல சம்பளம் அதிகம். சலூன்லயும் அதுக்குத் தகுந்த மாதிரி கொடுக்கலேன்னா கத்திரிக்கோலை வெச்சுட்டு ஆள் கிளம்பிடுவார். அதனால கட்டிங் ரேட் ஏறுது. பேலா பலாஸா, பால் சாமுவேல்சன்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 1964-ல் தனித்தனியா இதைத்தான் விளக்கினாங்க.

அப்போ எதை வெச்சு ஒப்பிடுறது? ஒரே கூடைப் பொருளை ரெண்டு ஊர்லயும் வாங்கி, பில்லை ஒப்பிடு! இதுக்குப் பேர்தான் வாங்கும் திறன் சமநிலை, சுருக்கமா பிபிபி. 1968-ல் ஐ.நா.வும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த விலை சேகரிப்பை ஆரம்பிச்சாங்க. முதல் கட்டத்துல 10 நாடுகள், அதுல இந்தியாவும் ஒண்ணு. 2017 கணக்கெடுப்புல ஒரு டாலர் மார்க்கெட்ல 65 ரூபாய் 12 காசு. ஆனா, அமெரிக்காவுல ஒரு டாலருக்குக் கிடைக்கிறதை இங்கே வாங்க 20 ரூபாய் 65 காசு போதும். மூணு மடங்குக்கும் மேல வித்தியாசம்! இந்தியா மூணாவது பெரிய பொருளாதாரம்னு 2014-ல் தலைப்புச் செய்தி வந்ததே, அது 2011 விலைகளை வெச்சு இந்த பிபிபி-யில போட்ட கணக்கு.

அதுக்காக பிபிபி-யைக் கோயில் கட்டிக் கும்பிடவும் முடியாது. 2005 கணக்கெடுப்புலதான் சீனா முதன்முறையா கலந்துக்கிச்சு. இந்தியா 1985-க்கு அப்புறம் அப்பத்தான் திரும்ப வந்துச்சு. இடைப்பட்ட காலத்துல எல்லாம் குத்துமதிப்பு. 2007 டிசம்பர்ல ரிசல்ட் வந்தா, சீனப் பொருளாதாரம் 8.8 லட்சம் கோடி டாலர்ல இருந்து 5.3 லட்சம் கோடி ஆயிடுச்சு. நம்ம கணக்கும் கிட்டத்தட்ட அதே விகிதத்துல குறைஞ்சுது. ஒரு செங்கல்கூட இடியலை. சீனாவுல 11 நகரங்களையும் சுத்துவட்டாரத்தையும் மட்டும் வெச்சு விலை எடுத்ததால, விலை கூடுதலா தெரியுதுன்னு சண்டையும் வந்துச்சு.

இதுல தலையெழுத்து மாறினது யாருக்குன்னா, ஏழைகளுக்கு. உலக வங்கி வறுமைக் கோட்டையும் பிபிபி-யிலதான் போடுது. புது விலைகளை வெச்சு, கோட்டையும் ஒரு நாளைக்கு 1.25 டாலர்னு மாத்தி 2008-ல் எண்ணினாங்க. அதுக்கு முன்னாடி 2004-க்கு 98.5 கோடி ஏழைகள்னு சொன்ன உலகத்துல, 2005-க்கு 140 கோடி! அந்த 1.25 டாலரை அன்னிக்கு மார்க்கெட் ரேட்டுல பெருக்கினா 55 ரூபாய். பிபிபி-யில இருபது ரூபாயை ஒட்டித்தான் வரும். டீக்கடை விவாதத்துல முக்கால்வாசிப் பேர் 55-ஐப் பிடிச்சுக்கிட்டுத்தான் கத்துவாங்க. 2025-ல் அந்தக் கோடு 3 டாலர் ஆகியிருக்கு. இப்பவும் அதே குழப்பம்தான்.

என்னைக் கேட்டா, ஒரே நாட்டோட வளர்ச்சியை வருஷா வருஷம் பார்க்கணும்னா டாலர் பக்கமே போகாதீங்க. அந்த நாட்டு கரன்ஸியில, விலைவாசி ஏத்தத்தைக் கழிச்சுட்டுப் பாருங்க. எந்த நாட்டு மக்கள் எப்படி வாழுறாங்கன்னா பிபிபி. கச்சா எண்ணெய் பில், வெளிநாட்டுக் கடன், அமெரிக்க யுனிவர்சிட்டி அப்ளிகேஷன் ஃபீஸ்... இதுக்கெல்லாம் மார்க்கெட் ரேட்தான். 20 ரூபாய் 65 காசை நீட்டி, ‘பிபிபி-படி எடுத்துக்கோங்க சார்’னா எந்த பேங்க்லயும் டாலர் தர மாட்டாங்க!

இப்போ சீனியர் அண்ணன் சம்பளத்துக்கு வாங்க. அங்கே வாடகை, சாப்பாடு, கட்டிங்னு செலவாகுற பங்குக்கு பிபிபி. எஜுகேஷன் லோன் கட்டவும், அம்மாவுக்கும் அனுப்புற பங்குக்கு மார்க்கெட் ரேட். எது எவ்வளவுன்னு அண்ணனையே கேட்டுப் போட்டுக்கோங்க. எனக்கு மெஸ் பெல் அடிச்சாச்சு... இன்னிக்கு பரோட்டா, வரட்டா!