பூந்தொட்டியிலிருந்து காட்டுக்கு: அந்தமானைக் காக்குமா சட்டம்?

புதுதில்லி: செல்வம் தழைக்கும் என்ற நம்பிக்கையில் வீடுகளில் வளர்க்கப்படும் மணி பிளான்ட், காட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் கண்டி நகரம் சாட்சி. அங்குள்ள உடவத்தகெலே சரணாலயத்தில் பல ஹெக்டேர் பரப்பில் இக்கொடி தரையை மூடி, மரங்களிலும் ஏறிப் படர்ந்துள்ளது. வெப்பமும் மழையும் நிறைந்த அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் இந்த அபாயம் தொலைவில் இல்லை. தடுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. ஆனால், அது தீவுகளை மனதில் கொண்டு வகுக்கப்படவில்லை.

பசிபிக் பெருங்கடலின் மூரியா தீவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி பூப்பது மிக அரிது. தண்டின் ஒரு கணு ஈர மண்ணில் பட்டாலே வேர்விட்டுவிடும். தொட்டியில் உள்ளங்கை அளவே இருக்கும் இலை, மரத்தில் ஏறியதும் முறம்போல் விரிகிறது. ஆக, இதைப் பரப்புவது பெரும்பாலும் காற்றோ பறவையோ அல்ல; கத்தரித்த கொடியை வேலிக்கு அப்பால் வீசும் மனிதர்களே.

வெளியிலிருந்து வந்தவற்றால் அந்தமான் ஏற்கெனவே பாடம் கற்றுள்ளது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள், தீவுக்குத் தீவு நீந்திப் பரவி, மரக்கன்றுகளை மேய்ந்து காட்டின் மறுவளர்ச்சியைக் குலைத்து வருகின்றன.

2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், அன்னிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை, பரவல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால், "இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாதவை" மட்டுமே அதன் வரையறைக்குள் வரும். மணி பிளான்ட் அதில் அடங்கும், புள்ளிமான் அடங்காது. தீவுக்கு எல்லை கடல். சட்டத்துக்கு எல்லை தேசம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையும் வெளிநாட்டு இறக்குமதிக்கானதே. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறும் பூந்தொட்டிக்கு அது பொருந்தாது.

கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றுக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்ட நிலையில், இக்கேள்வி மேலும் அவசரமாகிறது. சுமார் 8 ஆயிரம் பேர் வாழும் தீவில் லட்சக்கணக்கானோர் குடியேறினால், அவர்களுடன் தோட்டச் செடிகளும் குடியேறும்.

2030-க்குள் அன்னிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் வருகையைப் பாதியாகக் குறைப்பது என்பது 2022 டிசம்பரில் மாண்ட்ரீல் மாநாட்டில் உலக நாடுகள் ஏற்ற இலக்கு. தீவுகளுக்கு முன்னுரிமை என்றும் அது கூறுகிறது. நாடெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் உள்ள கொடியைத் தடை செய்வது நடவாத காரியம். ஆனால், தீவுகளுக்கெனத் தனிப் பட்டியல், கப்பலிலும் விமானத்திலும் வரும் செடிகளுக்குச் சோதனை, தோட்டக் கழிவை அகற்ற முறையான ஏற்பாடு ஆகியவை அரசால் இயலாதவை அல்ல. கொடி காட்டுக்குள் புகுந்தபின் அகற்ற ஆகும் செலவுடன் ஒப்பிட்டால், இச்செலவு அற்பமே.