திடல் வளர்த்த ஆசிரியை

கல்வி ஏட்டோடு முடிந்துவிடுவதன்று. வகுப்பறை அறிவை வளர்க்கின்றது. விளையாட்டுத் திடல் துணிவையும் கட்டுப்பாட்டையும் கூடி உழைக்கும் பண்பையும் வளர்க்கின்றது. இதனை மறுப்பார் இலர். எனினும், திடல் ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்றும், பெண்பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகள் ஆடிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட வேண்டும் என்றும் எண்ணுவோர் இன்றும் உளர். அவ்வெண்ணம் பெருந்தவறு என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டுப் பயிற்றுநர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அவர் பெயர் காரோல் ஹட்சின்ஸ். சாஃப்ட்பால் எனப்படும் மென்பந்து விளையாட்டில், மிச்சிகன் பல்கலைக்கழக மகளிர் குழுவுக்கு 1985 முதல் 2022 வரை தலைமைப் பயிற்றுநராக விளங்கியவர். மென்பந்து 1887-ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் தோன்றியது. பக்கத்துக்கு ஒன்பது பேர். ஆட்டம் ஏழு சுற்றுகள். பெயர்தான் மென்பந்து, பந்து மென்மையானதன்று. பன்னிரண்டு அங்குலச் சுற்றளவுள்ள அப்பந்தைக் கையைக் கீழாகச் சுழற்றி எறிவர். கண்ணிமைக்கும் நேரத்தில் அது மட்டையருகே வந்துவிடும்.

ஓய்வு பெற்றபோது அம்மையார் ஈட்டியிருந்த வெற்றிகள் 1,707. அமெரிக்கக் கல்லூரிகளின் முதல்நிலை மென்பந்துப் போட்டிகளில் அதுநாள்வரை வேறெந்தப் பயிற்றுநரும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. உலகம் அவ்வெண்ணைக் கண்டு வியக்கின்றது. ஆனால், நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியவை அதற்கு முற்பட்ட ஆண்டுகளே.

அம்மையார் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது மென்பந்து, கூடைப்பந்து ஆகிய இரண்டையும் ஆடினார். 1976-இல் அப்பல்கலைக்கழக மென்பந்துக் குழு கல்லூரி மகளிருக்கான தேசிய வெற்றியாளர் பட்டத்தை வென்றது. அக்குழுவில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே நின்று பந்தைத் தடுக்கும் பொறுப்பு அவருடையது.

கல்வி நிலையங்களில் ஆண், பெண் வேறுபாடு காட்டலாகாது என்னும் சட்டம் அமெரிக்காவில் 1972-இல் இயற்றப்பட்டது. ஆயினும், சட்டம் வந்தவுடன் நீதி வந்துவிடவில்லை. கூடைப்பந்துப் போட்டிகளுக்கு வெளியூர் செல்லும்போது ஆண்களுக்குக் கொடுக்கப்பட்ட உணவுப்பணத்தைவிடப் பெண்களுக்குக் குறைவாகவே கொடுக்கப்பட்டது. பசி இருபாலருக்கும் ஒன்றுதானே! அம்மையாரும் உடன் ஆடிய மாணவியரும் 1979-இல் நீதிமன்றம் சென்றனர். அவ்வழக்கு அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. அடங்கிப் போவதே பெண்ணுக்கு அழகு என்பாருக்கு இதுவே மறுமொழி.

பின்னர் இந்தியானா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஃபெரிஸ் மாநிலக் கல்லூரியில் ஓராண்டு பயிற்றுவித்தார். மிச்சிகனில் ஈராண்டுகள் துணைப் பயிற்றுநராகப் பணி பழகினார். அதன் பின்னரே தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

மிச்சிகன் பனி கொட்டும் மாநிலம். பிப்ரவரியில் போட்டிகள் தொடங்கும்போது அங்குத் திடலில் கால் வைக்க இயலாது. கலிபோர்னியா, அரிசோனா போன்ற வெப்பமான மாநிலங்களின் குழுக்களே நெடுங்காலம் கோலோச்சின. தம் இருபத்தோராம் பருவமாகிய 2005-இல்தான் அம்மையாரின் குழு தேசியப் பட்டத்தை வென்றது. இறுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களுள் முதலாவதில் தோற்று, மற்ற இரண்டிலும் வென்றது. கடைசி ஆட்டம் பத்துச் சுற்றுகள் வரை நீண்டது. இருபது ஆண்டுகள் கைக்கு எட்டாத கனிக்காகச் சோர்வின்றி உழைத்தவரிடம் நம் மாணவர்கள் கற்க வேண்டியது பொறுமை.

இதில் கவலைக்குரிய செய்தியும் ஒன்றுண்டு. 1972-இல் அமெரிக்கக் கல்லூரி மகளிர் குழுக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்றுநர்களாக இருந்தனர். மகளிர் விளையாட்டுக்குப் பணமும் மதிப்பும் பெருகப் பெருக, அப்பதவிகளை ஆண்கள் நாடிவந்தனர். 2014-இல் பெண் பயிற்றுநர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. திடலில் இடம் பெற்றால் மட்டும் போதாது. திடலை நடத்தும் பொறுப்பிலும் பெண்கள் அமர வேண்டும் என்பதை இது உணர்த்துகின்றது.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. வெயிலிலும் மழையிலும் பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைப்போர் அங்ஙனம் கேட்கவே செய்வர். விளையாடும் பெண்கள் எல்லாரும் பயிற்றுநர் ஆகிவிடப் போவதில்லை. ஆனால், அம்மையார் விளையாட்டுக்காகப் படிப்பை விடவில்லை. படிப்புக்காக விளையாட்டையும் விடவில்லை. தோல்வியைத் தாங்கவும், தமக்குரியதை நிமிர்ந்து நின்று கேட்கவும் திடலில் பழகிய பெண், எத்தொழிலுக்குச் சென்றாலும் தலைகுனிய மாட்டாள்.

ஆகவே பெற்றோர்களே, மாலையில் மகனுக்கு விளையாடக் கொடுக்கும் ஒரு மணி நேரத்தை மகளுக்கும் கொடுங்கள். ஆசிரியப் பெருமக்களே, பந்தும் மட்டையும் பயணத்தின்போது வழங்கும் உணவும் இருபாலருக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். மாணவிகளே, நன்கு படியுங்கள், நன்கு ஆடுங்கள். கற்ற ஆட்டத்தை உங்கள் தங்கையர்க்கும் கற்றுக்கொடுங்கள்.